முன் பயணி ஆசனத்தின் சீட் சென்சர் பழுது: மலையக வாகனங்களுக்கான முழுமையான வழிகாட்டி

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கங்களில் ஓடும் கார் ஒன்றில் எயார்பேக் விளக்கு அணையாமல் எரிந்தாலோ, இடப்பக்க ஆசனத்தில் ஒருவரும் இல்லாதபோது ஆசனப்பட்டியைப் போடச் சொல்லி மணி அடித்தாலோ, "சீட் சென்சர் போய்விட்டது" என்பதே கராஜில் முதலில் கிடைக்கும் தீர்ப்பு. சென்சர் பழுதாவது உண்டுதான். ஆனால் மழையும் மூடுபனியும் குலுக்கலும் மிகுந்த நம் பாதைகளில் சென்சருக்கு முன்பாக அதன் கனெக்டரும் வயரும் கெடுகின்றன. அவை கெடுவதற்கும் முன்பாக, ஆசனத்தின் மேல் நாம் வைக்கும் பொருட்கள் சென்சரை ஏமாற்றுகின்றன. ஆகவே ஆசனத்தின் மேலிருந்து தொடங்கி, அதன் அடிக்குச் சென்று, கடைசியில்தான் சென்சரைச் சந்தேகிக்க வேண்டும். செலவு குறைந்த சோதனைகள் முதலில் வருவதால் இந்த ஒழுங்கு பணத்தையும் மிச்சப்படுத்தும்.

உங்கள் வாகனத்தில் இருப்பது எந்த வகை?

இதை அறியாமல் எந்தச் சோதனையும் பயன்தராது. இலங்கையில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டு, ரீகண்டிஷன் வண்டிகளாக இங்கு வந்தவை. 2020 இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் தொடங்கியது என்பதால், அவற்றில் பலவும் பத்து வயதைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கின்றன. விட்ஸ், அக்குவா, எக்ஸியோ போன்றவற்றில் பயணி ஆசனத்தின் மெத்தைக்குள் இருப்பது பொதுவாக ஒரு மெல்லிய அழுத்த ஸ்விட்ச் மாத்திரமே. ஆள் அமர்ந்தால் அதன் தொடுபுள்ளிகள் இணைகின்றன. பட்டி போடப்படாவிட்டால் விளக்கு மினுங்குகிறது. அமர்ந்திருப்பவர் குழந்தையா பெரியவரா என்று அது பிரித்தறியாது. எயார்பேக் விரிய வேண்டுமா வேண்டாமா என்பதையும் அது தீர்மானிப்பதில்லை.

எடையை அளந்து ஆளை வகைப்படுத்தும் முழுமையான முறை வேறு. அமெரிக்காவின் 208 ஆம் இலக்கப் பாதுகாப்பு விதி, 2003 செப்டெம்பர் தொடக்கம் படிப்படியாக, சிறு குழந்தை அமர்ந்திருந்தால் முன் எயார்பேக் அணைய வேண்டும் அல்லது ஆபத்தில்லாத வேகத்தில் விரிய வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அதற்கு விடையாக மூன்று வழிகள் பரவலாயின. ஆசனம் தண்டவாளத்தில் பொருந்தும் நான்கு மூலைகளிலும் எடையுணரிகளை வைப்பது டொயோட்டா பின்பற்றிய வழி. மெத்தைக்கு அடியில் திரவமோ ஜெல்லோ நிறைந்த பையை வைத்து, அதன் அழுத்தத்தை அளப்பது இன்னொன்று. பல அழுத்தப் புள்ளிகளைக் கொண்ட விரிப்பை மெத்தைக்கும் உறைக்கும் இடையில் பரப்புவது மூன்றாவது, பி.எம்.டபிள்யூ போன்ற ஐரோப்பிய வண்டிகளில் இதைக் காணலாம். இவற்றைத் தவிர, ஹோண்டாவின் சில மாடல்களில் ஆசனத்தின் சாய்மானத்துக்குள் இருக்கும் உணரி, அமர்ந்தவர் உயரம் குறைந்தவரா, கதவுப் பக்கம் சாய்ந்து தூங்குகிறாரா என்று பார்த்துப் பக்கவாட்டு எயார்பேக்கை நிறுத்தி வைக்கும்.

அடையாளம் காண எளிய வழி டேஷ்போர்டின் நடுப்பகுதியையோ உள்கண்ணாடிக்கு மேலுள்ள பகுதியையோ பார்ப்பது. பயணி எயார்பேக் இயங்குகிறதா நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று காட்டும் தனி விளக்கு, ஆள் ஏறி இறங்கும்போது தானாக மாறினால் உங்களுடையது வகைப்படுத்தும் முறை. அந்த விளக்கே இல்லாமல் ஆசனப்பட்டி விளக்கு மாத்திரம் இருந்தால் சாதாரண ஸ்விட்ச் வகையாகவே பெரும்பாலும் இருக்கும். டேஷ்போர்டின் பக்கவாட்டிலோ க்ளவ் பொக்ஸுக்குள்ளோ சாவியால் திருப்பும் ஸ்விட்ச் இருக்கும் ஐரோப்பிய வண்டிகளில், யாரோ அதைத் திருப்பி வைத்திருப்பதையே "பழுது" என்று நினைத்துக் கொண்டு வருபவர்களும் உண்டு. முதலில் அதைப் பாருங்கள்.

எரிவது எந்த விளக்கு?

இரண்டு விளக்குகளையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்வதால்தான் பாதி நேரம் வீணாகிறது. சாதாரண ஸ்விட்ச் வகை வண்டிகளில் சீட் சென்சர் கெட்டால் பாதிக்கப்படுவது ஆசனப்பட்டி விளக்கும் மணியும். சிவப்பு எயார்பேக் விளக்கு எரிவதற்கு அந்த ஸ்விட்ச் காரணமாக இருப்பது அரிது. அதே ஆசனத்துக்குப் போகும் பக்கவாட்டு எயார்பேக்கின் வயர், பட்டியை இழுத்து இறுக்கும் கருவியின் வயர், பட்டிக் கொளுவியின் ஸ்விட்ச் ஆகியவற்றைத்தான் அங்கே தேட வேண்டும். எடையை அளக்கும் வகைகளிலோ சென்சர் எயார்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பேசிக்கொண்டே இருப்பதால், அது கெட்டவுடன் சிவப்பு விளக்கும் எரியும், பயணி எயார்பேக் நிறுத்தப்பட்ட விளக்கும் எரியும்.

சாவியைத் திருப்பியதும் எயார்பேக் விளக்கு சுமார் 6 விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணைந்து மீண்டும் எரிந்தாலும், அணையாமலே இருந்தாலும், மினுங்கினாலும் பழுது பதிவாகியிருக்கிறது. ஒருபோதும் எரியாமல் இருந்தால் அது இன்னும் மோசம்: முன்னைய உரிமையாளரோ விற்பனையாளரோ விளக்கைக் கழற்றியிருக்கலாம். பழைய வண்டி வாங்கும்போது கவனிக்க வேண்டிய முதல் விடயங்களில் இதுவும் ஒன்று.

கை வைக்கும் முன்

முன் ஆசனத்தின் அடியில் வெடிமருந்தால் இயங்கும் பாகங்கள் இருக்கின்றன. மஞ்சள் நிறக் கனெக்டர்கள் அவற்றையே சுட்டும். அவற்றின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து ஓம் அளக்க எக்காரணம் கொண்டும் முயலாதீர்கள். மீட்டர் அனுப்பும் சிறிய மின்னோட்டமே அவற்றை வெடிக்கச் செய்யக்கூடும். எந்தக் கனெக்டரையும் கழற்றுவதற்கு முன் சாவியை நிறுத்தி எடுத்து, 12 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். டொயோட்டா கையேடுகள் 90 விநாடிகள் என்கின்றன. ஹோண்டா 3 நிமிடங்கள் என்கிறது. சில நிறுவனங்கள் இன்னும் அதிகம் கேட்கின்றன. பத்து நிமிடம் காத்திருப்பதால் எவருக்கும் நட்டமில்லை. கனெக்டர் கழற்றியிருக்கும் நிலையில் சாவியைப் போடவும் கூடாது, போட்டால் புதிய பழுதுகள் பதிவாகும்.

ஹைபிரிட் வண்டிகள் பலவற்றில் அந்த 12 வோல்ட் பேட்டரி எஞ்சின் பகுதியில் இருப்பதில்லை. அக்குவாவில் பின் ஆசனத்தின் அடியிலும், பழைய பிரியஸ் மாடல்களில் பின்பெட்டியின் ஓரத்திலும் இருக்கும். அந்தப் பிரியஸில் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பின்கதவை மூடினால், மின்சாரத்தால் திறக்கும் அந்தக் கதவைத் திறக்க உள்ளே ஊர்ந்து செல்ல வேண்டிவரும்.

கழற்றும் முன் அந்தப் பேட்டரியின் மின்னழுத்தத்தையும் அளந்து குறித்துக் கொள்ளுங்கள். எஞ்சின் ஓடாமல் ஓய்ந்திருக்கும்போது 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் பூந்தோட்டங்களில் உறைபனி விழுவதுண்டு. அந்தக் குளிரில் தளர்ந்த பேட்டரி ஸ்டார்ட் பண்ணும்போது வெகுவாக இறங்கி, எயார்பேக் பெட்டியில் மின்னழுத்தக் குறைவுக் குறியீட்டைப் பதித்துவிடும். காலையில் மட்டும் விளக்கு எரிந்து, பகலில் எந்தத் தொல்லையும் இல்லையென்றால் சீட்டைத் தொடுவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள்.

முதற்படி: ஆசனத்தின் மேல்

ஆசனத்தில் இருக்கும் அனைத்தையும் எடுத்து வெளியே வையுங்கள். கைப்பை, மடிக்கணினி, வாரச்சந்தையில் வாங்கிய லீக்ஸ், கோவாக் கட்டுகள், கடையிலிருந்து வந்த அரிசிப் பை எல்லாமே அழுத்த ஸ்விட்சை மூட வல்லவை. சில கிலோ எடை போதும். பொருளை எடுத்தவுடன் மணி நின்றால் வண்டியில் பழுதே இல்லை; மரக்கறியைப் பின் ஆசனத்தின் கால்வைக்கும் இடத்துக்கு மாற்றுங்கள்.

அடுத்தது சீட் கவர். கடைகளில் தைத்துக் கொடுக்கும் தடித்த ரெக்சின் கவர்கள் இறுக்கமாக இழுத்துக் கட்டப்படும்போது, மெத்தையை எப்போதும் அழுத்திய நிலையிலேயே வைத்திருக்கும். கவரின் கொக்கிகளும் பட்டைகளும் ஆசனத்தின் அடியில் வயரைப் பிடித்து இழுத்துக் கொண்டிருப்பதும் சாதாரணம். சாய்மானத்தின் வெளிப்பக்கத் தையலில் எயார்பேக் என்ற சிறு அடையாளம் இருந்தால், அந்தப் பக்கத்தை மூடும் கவர் பக்கவாட்டு எயார்பேக்கையே தடுக்கும். சோதனைக்காகக் கவரைக் கழற்றி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். விளக்கு வராவிட்டால் அந்தக் கவரைத் திரும்பப் போடக்கூடாது.

மூன்றாவது ஈரம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நனைந்த குடையோடும் மழைக் கோட்டோடும் ஏறி இறங்கும் ஆட்களால் மெத்தை வாரக்கணக்கில் காயாமல் இருக்கும். சாய்மானத்தில் உணரி இருக்கும் ஹோண்டா வண்டிகளில் நனைந்த துணி நேரடியாகவே உணரியைக் குழப்பும், ஏனெனில் அது உடலில் இருக்கும் நீரின் மின்பண்பை வைத்துத்தான் ஆளை உணர்கிறது. உள்ளங்கையை மெத்தையில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். குளிர்ச்சி துணியோடு நிற்காமல் ஆழத்திலிருந்து வந்தால், சுருக்கங்களில் பூஞ்சை வாடை இருந்தால், ஆசனம் உள்ளேயும் ஈரமாக இருக்கிறது. வெயில் நாளில் கதவுகளைத் திறந்து வைத்து இரண்டு மூன்று நாள் உலர்த்துவதே வைத்தியம். ஹெயார் டிரையரைக் கிட்டப் பிடித்துச் சூடாக்குவதைத் தவிர்க்கவும். மெல்லிய விரிப்பு உணரிகள் அதனால் நெளியும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வகைப்படுத்தும் முறை இருக்கும் வண்டிகளில் எயார்பேக்கை இயக்க வேண்டிய மிகச்சிறிய பெரியவராக அமெரிக்க விதி எடுத்துக்கொள்ளும் மோதல் சோதனைப் பொம்மையின் எடை சுமார் 49 கிலோ. நம்மிடையே அதைவிட எடை குறைந்த வயதான பெண்கள் பலர் உண்டு. அப்படி ஒருவர் அமரும்போது நிறுத்தப்பட்ட விளக்கு எரிந்தால் அது பழுதாகாது. ஆசனத்தின் முன்விளிம்பில் அமர்ந்து, காலை ஊன்றி, கைப்பிடியைப் பற்றிக் கொண்டு வருபவரின் எடையும் குறைவாகவே பதிவாகும். அவரை முதுகு ஒட்டும்படி பின்னால் அமரச் செய்து, பட்டியைப் போடச் சொல்லி, மீண்டும் பாருங்கள்.

இரண்டாம் படி: ஸ்கேன்

மலிவாகக் கிடைக்கும், பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் புளூடூத் ஓ.பி.டி. கருவியும் தொலைபேசிச் செயலியும் பெரும்பாலும் எஞ்சின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். அதில் "பழுது இல்லை" என்று வருவதை நம்பி எயார்பேக் நன்றாக இருப்பதாக முடிவு கட்டக்கூடாது. எயார்பேக் பெட்டியையும், இருந்தால் ஆசன வகைப்படுத்தும் பெட்டியையும் தனித்தனியே திறந்து படிக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும். ஜப்பானிய உள்நாட்டு மாடலைத் தெரிவு செய்யும் வசதி அதில் இருக்கிறதா என்று கராஜில் கேட்டுக் கொள்ளுங்கள்.

குறியீடுகளை அழிப்பதற்கு முன் எழுதிக் கொள்ளுங்கள், அல்லது திரையைப் படம் எடுங்கள். டொயோட்டாவின் வகைப்படுத்தும் முறையில் 1771 பயணிப் பக்கப் பட்டிக் கொளுவியின் சுற்றையும், 1780 முதல் 1783 வரையானவை நான்கு மூலை எடையுணரிகளையும், 1795 வகைப்படுத்தும் பெட்டியையும் குறிக்கும். 1650 என்பது பழுது எங்கோ அந்த முறைக்குள் இருக்கிறது என்று எயார்பேக் பெட்டி சொல்லும் பொதுவான செய்தி மட்டுமே. அதைக் கண்டவுடன் சீட்டை மாற்றச் சொல்பவர், அடுத்த பெட்டியைத் திறந்து உரிய குறியீட்டைப் பார்க்கவில்லை என்று பொருள்.

பிறகு அழித்துப் பாருங்கள். சாவியைப் போட்டவுடன் திரும்பி வந்தால் பழுது நிலையானது, நிற்கும் வண்டியிலேயே கண்டுபிடிக்கலாம். ஓட்டிய பின்பே வந்தால் அது குலுக்கலிலோ வளைவிலோ விட்டு விட்டு ஏற்படும் தொடர்புப் பிழை. அதற்குச் சோதனைப் பாதை தேடி அலைய வேண்டியதில்லை. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில் ரம்பொடைப் பகுதியின் கொண்டை ஊசி வளைவுகள் ஆசனத்தை இரு புறமும் மாறி மாறிச் சாய்த்துவிடும். செப்பனிடாத எந்தத் தோட்டப் பாதையும் வயரைக் குலுக்கிவிடும். வளைவுகளில் வந்தால் எடையுணரியையும் ஆசன போல்ட்டுகளையும், குண்டு குழியில் வந்தால் கனெக்டரையும் முதலில் சந்தேகிப்பது என் வழக்கம்.

மூன்றாம் படி: ஆசனத்தின் அடியில்

பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்த பின், டோர்ச்சை எடுத்துக் கொண்டு மண்டியிடுங்கள். ஆசனத்தை முழுவதும் பின்னே தள்ளி முன்னாலிருந்தும், முழுவதும் முன்னே இழுத்துப் பின்னாலிருந்தும் பார்க்க வேண்டும். வயர்க்கட்டு தண்டவாளத்தில் நசுங்கியிருக்கிறதா, உள்ளே உருண்டு போன தண்ணீர்ப் போத்தலோ குடைக் கம்பியோ அதை இழுத்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். மரக்கறித் தோட்டங்களை அண்டி இரவில் நிறுத்தப்படும் வண்டிகளில் எலிக்கடி அபூர்வமே அல்ல. கடித்த இடத்தில் உறையின் துகள்களும் எச்சமும் கிடக்கும்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், ஏனெனில் பெரும்பாலான விடைகள் இங்கேதான் கிடைக்கின்றன. தரை விரிப்பை ஓரத்தில் தூக்கி அடியிலுள்ள பஞ்சுத் தடுப்பை விரலால் அழுத்துங்கள். மேலே உலர்ந்து தெரிந்தாலும் அடியில் நீர் பிதுங்கி வரலாம். நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளில் ஏ.சி.யின் குளிர்விப்பான் பொதுவாக இடப்பக்கம், க்ளவ் பொக்ஸின் பின்னால் இருக்கிறது. அதன் நீர் வெளியேறும் குழாய் சேற்றாலும் இலைத் துகளாலும் அடைபட்டால், கண்ணாடியின் மூட்டத்தைப் போக்க ஏ.சி. போட்டுக் கொண்டே மலையேறும்போது சேரும் நீர் முழுவதும் பயணியின் காலடியில் வடிந்து, வண்டி ஏற்றத்தில் இருப்பதால் பின்னோக்கி ஓடி, ஆசனத்தின் அடியில் கனெக்டர் பொருத்தப்பட்ட பள்ளத்தில் தேங்கும். அந்தக் குழாயைத் திறக்காமல் கனெக்டரை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் அதே பழுது வரும்.

கனெக்டரின் பூட்டை முறைப்படி விடுவித்துக் கழற்றுங்கள். எயார்பேக் கனெக்டர்களில் பலவற்றுக்கு முதலில் பின்னுக்கு இழுக்க வேண்டிய இரண்டாவது பூட்டு இருக்கும். உள்ளே முனைகளை வெளிச்சத்தில் பார்த்தால் நல்லவை பளபளப்பாகத் தெரியும். பச்சைப் பொருக்கோ வெள்ளைத் தூளோ படிந்திருந்தால், அல்லது ஒரு முனை மற்றவற்றைவிட உள்ளே தள்ளப்பட்டிருந்தால், பழுது கையில் அகப்பட்டுவிட்டது. எலக்ட்ரிக்கல் கன்டாக்ட் கிளீனரைத் தெளித்து, மென்மையான தூரிகையால் துடைத்து, முழுவதும் உலர விடுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் வேண்டாம். சேண்ட் பேப்பரால் உரசவும் வேண்டாம்: இந்த முனைகளில் மெல்லிய பொன் பூச்சு இருப்பதுண்டு, அதை உரசியெடுத்தால் உள்ளிருக்கும் உலோகம் இன்னும் வேகமாகக் களிம்பேறும். கழற்றிய கனெக்டரை "க்ளிக்" என்ற ஒலி வரும் வரை அழுத்திப் பூட்டி, வயர்க்கட்டைத் தரையிலிருந்து சற்று உயர்த்திக் கட்டுங்கள், ஆனால் ஆசனம் முன்பின் நகரும்போது இழுபடாதபடி தளர்ச்சி விடுங்கள்.

வயரை முறுக்கி டேப் சுற்றுவது இந்தச் சுற்றில் செல்லாது. எயார்பேக் சுற்றுகள் ஓரிரு ஓம் மாற்றத்தையும் பழுதாகப் பதிவு செய்பவை. அறுந்தது சென்சர் வயராக இருந்தால் உரிய இணைப்புக் குழலால் அழுத்திச் சேர்த்து, ஈரம் புகாத சுருங்கு குழாயால் மூடலாம். மஞ்சள் உறைக்குள் போகும் வெடிச்சுற்றின் வயராக இருந்தால் அந்தப் பகுதியையே மாற்ற வேண்டும்.

பட்டிக் கொளுவியையும் மறக்காதீர்கள். அதன் உள்ளே பட்டி போட்டிருப்பதைச் சொல்லும் சிறு ஸ்விட்ச் இருக்கிறது. அதற்குள் விழுந்த நாணயம், டொபித் தாள், பிஸ்கட் துகள் ஆகியவற்றால் பட்டி போட்டும் மணி நிற்காது. அழுத்தக் காற்றால் ஊதிப் பாருங்கள், எண்ணெய் விடாதீர்கள்.

நான்காம் படி: சென்சரையே அளத்தல்

சாதாரண ஸ்விட்ச் வகையில் வேலை எளிது. பேட்டரி கழற்றிய நிலையில் சென்சரின் இரண்டு வயர் கொண்ட கனெக்டரை மட்டும் இனங்கண்டு கழற்றி, ஆசனப் பக்க முனைகளில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். அது மஞ்சள் கனெக்டராக இருந்தால் நிறுத்துங்கள், அது சென்சர் அல்ல. ஆசனம் காலியாக இருக்கும்போது ஓர் அளவும், ஒருவர் அமர்ந்ததும் தெளிவாக வேறோர் அளவும் வர வேண்டும். சில மாடல்களில் திறந்த சுற்றும் மூடிய சுற்றுமாக மாறும். மின்தடைகள் பதிக்கப்பட்ட ஐரோப்பிய வகைகளில் காலியில் சில நூறு ஓமும், அமர்ந்தால் நூறு ஓமை ஒட்டியும் காட்டுவது வழக்கம். சரியான எண்ணை அந்த மாடலின் கையேட்டில் ஒப்பிட வேண்டும். எண் எதுவானாலும், இரு நிலையிலும் அளவு மாறாவிட்டால், அல்லது காலி ஆசனத்தில் தானாகத் துள்ளிக் கொண்டிருந்தால் சென்சர் முடிந்தது. ஒரே இடத்தில் மட்டும் அழுத்திப் பார்க்காமல், இடுப்பெலும்பு படும் இரு புள்ளிகளையும் முழங்கையால் தனித்தனியே அழுத்திப் பாருங்கள். விரிப்பு உணரிகள் பெரும்பாலும் மடிப்பு விழும் விளிம்பில்தான் விரிசல் விடுகின்றன. முழங்காலை ஊன்றிப் பின் ஆசனத்துக்கு எட்டும் பழக்கம் அவற்றின் ஆயுளை வெகுவாகக் குறைக்கும்.

நான்கு மூலை எடையுணரிகளை மல்டிமீட்டரால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஸ்கேனரில் நேரடித் தரவைத் திறந்து, நான்கின் அளவையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். காலி ஆசனத்தில் மொத்தம் பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். உதவியாளர் ஆசனத்தின் ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்தும்போது அந்தந்த எண் ஏறி, விட்டவுடன் இறங்க வேண்டும். ஒரு மூலை அசையாமல் நின்றால் அந்த உணரியோ அதன் வயரோ காரணம். நான்கும் அசைந்து, மொத்தம் மட்டும் தவறாக இருந்தால் பழுது பெரும்பாலும் பொறிமுறை சார்ந்தது: போல்ட் இறுகாதது, தண்டவாளத்தில் சிக்கிய கல், சீட்டுக்கும் நடுப்பெட்டிக்கும் இடையில் திணித்த துணி. ஜெல் பை வகையில் பை கசிந்தால் அளவு எப்போதும் குறைந்தே இருக்கும். அதன் பையும் அழுத்த உணரியும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் மெத்தையும் தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று ஒத்து அளவீடு செய்யப்பட்ட தொகுதி. ஒன்றை மட்டும் மாற்றினால் எடை தவறும்.

ஐந்தாம் படி: பூச்சிய அளவீடு, அதுவும் சமதரையில்

எடையுணரும் முறையில் ஆசனத்தைக் கழற்றிப் பூட்டினாலே, போல்ட்டைத் தளர்த்தினாலே பூச்சிய அளவீடு, அதாவது காலி ஆசனத்தின் நிலையைப் பூச்சியமாகப் பதிவு செய்வது, அவசியம். மலையகத்தில் இது தவறாகச் செய்யப்படுவதற்குக் காரணம் எளிமையானது: சமமான இடம் அருமை. சரிவில் நிற்கும் வண்டியில் மொத்த எடை பெரிதாக மாறாது; ஆனால் உயர்ந்த சாய்மானத்தைக் கொண்ட ஆசனத்தின் பாரம் முன் இரண்டு உணரிகளிலிருந்து பின் இரண்டுக்கோ, இடமிருந்து வலத்துக்கோ நகர்ந்துவிடும். அந்த நிலையைப் "பூச்சியம்" என்று பதிவு செய்தால், சமதரைக்கு வந்ததும் ஒவ்வொரு மூலையிலும் பிழை நிற்கும். கராஜின் கொங்கிரீட் தரையும் நீர் வடிய வேண்டுமென்று சாய்த்தே போடப்பட்டிருக்கும். மேசன்மார் வைத்திருக்கும் ரசமட்டத்தைக் கதவுப் படியிலும் அதற்குக் குறுக்கே தரையிலும் வைத்துப் பார்த்த பிறகே தொடங்குங்கள். நுவரெலியாவில் குதிரைப் பந்தயத் திடலை ஒட்டிய பகுதி போன்ற பள்ளத்தாக்குச் சமவெளிகளில் நல்ல இடம் கிடைக்கும். டயர்களின் காற்றழுத்தம் நான்கிலும் சரியாக இருக்கட்டும்.

ஆசனத்தில் எதுவும் இருக்கக்கூடாது, எவரும் வண்டியைத் தொட்டு நிற்கக்கூடாது. ஸ்கேனரில் பூச்சிய அளவீட்டை முடித்த பின் டொயோட்டா முறைப்படி 30 கிலோ எடையை ஆசனத்தில் வைத்தால் 27 முதல் 33 கிலோவுக்குள் காட்ட வேண்டும். எடைக்கு மணல் நிரப்பிய சாக்குப் போதும், ஆனால் கண்மதிப்பில் அல்ல: தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் தராசு இதற்கு மிகப் பொருத்தமானது. 30 கிலோ நிறுத்துக் கட்டி, மெத்தையின் நடுவில் வையுங்கள். எல்லைக்கு வெளியே போனால் போல்ட்டுகளைத் தளர்த்தி, கையேடு சொல்லும் வரிசையிலும் இறுக்கத்திலும் டோர்க் ரென்ச்சால் மீண்டும் பூட்டி, மறுபடி அளவீடு செய்ய வேண்டும். சாய்மான உணரி உள்ள ஹோண்டா வண்டிகளிலும் சாய்மானத்தையோ அதன் உறையையோ மாற்றினால் தொடக்கநிலைப் பதிவைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

உடைந்த வண்டியிலிருந்து எடுத்த சீட்டைப் போடுவது பற்றி ஒரு வார்த்தை. சாதாரண ஸ்விட்ச் வகையில், மாடலும் ஆண்டும் கனெக்டரும் ஒத்தால் அது ஏற்கத்தக்க வழி. எடையுணரும் வகையில் அளவீடு செய்ய வசதியில்லாத இடத்தில் அதைப் போடாதீர்கள். பக்கவாட்டு எயார்பேக் விரிந்த வண்டியின் சீட்டைத் தைத்து விற்கிறார்களா என்று தையலை உற்றுப் பாருங்கள்.

குறுக்குவழிகள்

சென்சருக்குப் பதிலாகச் சிறு மின்தடையையோ, எமுலேட்டர் என்ற பெட்டியையோ இணைத்து விளக்கை அணைக்கும் வேலை இங்கும் நடக்கிறது. ஐரோப்பிய வண்டிகளில் அது எயார்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியிடம் "எப்போதும் பெரியவர் அமர்ந்திருக்கிறார்" என்று சொல்லும். பின்நோக்கிய குழந்தை ஆசனத்தை அங்கே வைத்தால் எயார்பேக் முழு வேகத்தில் அதன் முதுகில் விரியும். விளக்கைக் கழற்றுவது அதைவிட மோசம், ஏனெனில் பழுது பதிவான பல வண்டிகளில் எயார்பேக் முறையின் ஒரு பகுதியோ முழுமையுமோ செயற்படாது, அதை அறியும் வழியும் போய்விடும். சாதாரண ஸ்விட்ச் வகை ஜப்பானியக் கார்களைப் பொறுத்தவரை, அதில் எயார்பேக்கை நிறுத்தும் ஏற்பாடே இல்லையென்பதால், பின்நோக்கிய குழந்தை ஆசனத்தை முன்னால் வைப்பதென்ற பேச்சுக்கே இடமில்லை.

முடிவுச் சோதனையும் ரீகோல் தேடலும்

வேலை முடிந்ததும் பேட்டரியைப் பூட்டி, ஆசனம் காலியாக, பெரியவர் பட்டியில்லாமல், பெரியவர் பட்டியுடன் என மூன்று நிலையிலும் விளக்குகளைப் பாருங்கள். பிறகு ஆசனத்தை முன்பின் முழுவதும் நகர்த்தி, வளைவான பாதையில் ஓட்டி, திரும்பவும் ஸ்கேன் செய்து, புதிய குறியீடு எதுவும் இல்லையென்று உறுதி செய்யுங்கள். கராஜில் கொடுத்துச் செய்தால் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் படங்களைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பழுது திரும்பினால் அது தயாரிப்புக் குறையாகவும் இருக்கலாம். அமெரிக்கச் சந்தை வண்டிகளில் பயணி எடையுணரியின் மின்தேக்கி ஈரப்பதத்தால் விரிசல் விட்டுக் குறுக்குச்சுற்று ஆகக்கூடும் என்று 2024 இல் ஹோண்டா சுமார் 7,50,000 வண்டிகளையும், உணரிக் குறுக்குச்சுற்றால் எயார்பேக் விரியாமல் போகலாம் என்று 2023 டிசம்பரில் டொயோட்டா சுமார் பத்து இலட்சம் வண்டிகளையும் திரும்ப அழைத்தன. ஈரமும் வெப்பமும் தகாத்தா நிறுவனத்தின் எயார்பேக் ஊதிகளைச் சிதைத்த கதையும் அதே வழியில் வந்ததுதான். அந்த ஊதிகள் பொருத்தப்பட்ட ஜப்பானிய வண்டிகள் இலங்கையிலும் ஓடுகின்றன. உற்பத்தி நிறுவனங்களின் ஜப்பானிய இணையத்தளங்களில் சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்தால் நிலுவையிலுள்ள ரீகோல் தெரியவரும். அந்த இலக்கம் வாகனப் பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. வண்டியிலுள்ள தகட்டோடு அதை ஒப்பிட்டுக் கொண்டு தேடுங்கள்.